எம்பி3 ஆக்கும் முன் மேலே இடம் விடுங்கள்

தவில் பதிவு செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: வலந்தலையில் விரல் கூடுகள் விழும் கணத்தில் மீட்டர் எகிறும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் மாஸ்டரில் அந்த அடி சுத்தமாகவே இருக்கும். அதையே 44.1-க்கு இறக்கி எம்பி3 ஆக்கிக் கேட்டால் சில அடிகள் ஓரம் கிழிந்து ஒலிக்கும். மாஸ்டரில் கிளிப்பே இல்லாதபோது இது எங்கிருந்து வருகிறது?

சாதாரண பீக் மீட்டர் சாம்பிள்களை மட்டுமே பார்க்கிறது. இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே அலை இன்னும் மேலே ஏறலாம். ரேட் மாற்றும்போது புதிய சாம்பிள் சரியாக அந்த உச்சியில் விழலாம். மேல் அலைவரிசைகளை வெட்டும் ஃபில்டரும் அடியின் வடிவத்தைச் சற்று மாற்றும். எம்பி3, ஏஏசி இரண்டும் காதுக்குப் புலப்படாது என்று கணிப்பதைத் தோராயமாக்குவதால், திரும்ப விரியும் அலையில் சில பீக்குகள் மூலத்தைவிட உயரும். பிட்ரேட் குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும்.

ஆகவே, பீக்கை 0 டிபி-யில் கொண்டுபோய் நிறுத்தும் நார்மலைஸ் பட்டனை நான் தொடுவதில்லை. 32 பிட் ஃப்ளோட்டில் ரேட்டை மாற்றுகிறேன். அதில் 0-வைத் தாண்டினாலும் எதுவும் வெட்டுப்படாது. பிறகு ட்ரூ பீக், அதாவது சாம்பிள்களுக்கு நடுவே எழும் உச்சியையும் சேர்த்து அளந்து, அங்கேயே லெவலைக் குறைக்கிறேன். 256 கேபிபிஎஸ் ஏஏசி-க்கு மைனஸ் 1 டிபி போதும். 128 எம்பி3 என்றால், அதுவும் தனி ஆவர்த்தனம் என்றால், மைனஸ் 2. எம்பி3-க்கு 16 பிட் ஆக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, 24 பிட்டையே கொடுக்கலாம். சிடி-க்கு மட்டும் 16 பிட். டிதர், அதாவது பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல், கடைசியில் ஒரே ஒரு முறை.

ஒலி குறைந்துவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். 16 பிட்டில் சுமார் 96 டிபி இடம் இருக்கிறது, ஒரு பிட்டுக்கு 6 டிபி. கல்யாண மண்டபத்து மின்விசிறி இரைச்சலே அதில் எவ்வளவோ மேலே நிற்கிறது. 2 டிபி விட்டுக்கொடுப்பதில் இசை எதையும் இழப்பதில்லை. கிழிந்த அடியை மட்டும் பின்னால் யாராலும் முழுதாக மீட்க முடியாது.

எஃப்எஃப்எம்பெக்கில் ஈபியூஆர்128 ஃபில்டருக்கு ட்ரூ பீக்கைக் காட்டும் வசதி உண்டு. மாஸ்டரை மட்டுமல்ல, முடிந்த எம்பி3-யையும் திரும்ப அளந்து பாருங்கள். மாஸ்டர் தொலைந்து எம்பி3 மட்டும் கையில் இருந்தாலும், கிளிப் விரியும்போது மட்டுமே நேர்கிறது என்றால் வழி உண்டு: எம்பி3கெயின், மறுபடி என்கோட் செய்யாமலே 1.5 டிபி படிகளில் லெவலை இறக்கிக் கொடுக்கும்.