வெள்ளணுக்களின் போர்

குற்றாலத்தில் சாரல் பொழியும் திங்களில் தென்காசி வயல்களில் உழவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவர். காலில் முள் தைத்தால், மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் பூஞ்சை வித்துகளும் அதனோடு உட்புகும். உடனே குருதியிலுள்ள வெள்ளணுக்கள் நுண்குழாய்களை விட்டு வெளிவந்து அவ்விடத்தை வளைத்துக்கொள்ளும். நாம் அருவருக்கும் சீழ், பெரும்பாலும் அங்ஙனம் போரிட்டு மடிந்த அணுக்களே!

1882-இல் மெச்னிகாவ் என்னும் உருசிய அறிஞர், நட்சத்திர மீனின் இளவுயிரியில் முள்ளைக் குத்தி, அணுக்கள் அதனைச் சூழ்வதைக் கண்டார். பின்னர், நீர்த்தெள்ளின் உடலிற் புகுந்த பூஞ்சை வித்துகளை அவை விழுங்குவதையும் கண்டறிந்தார்.

பாக்டீரியா மிகச் சிறியது; வெள்ளணு அதனை விழுங்கிச் செரித்துவிடும். பூஞ்சையோ இழையாய் நீள்வது. ஓர் அணுவினுள் அடங்காது. ஆகவே வெள்ளணுக்கள் பல கூடி அதன்மேல் ஒட்டி நச்சுப்பொருள்களைச் சொரியும். சில, தம் உட்கருப் பொருளையே வலையாக விரிக்கும். இவ்வலை 2004-இல்தான் அறியப்பட்டது.

எனினும் வெற்றி எப்பொழுதும் கிட்டுவதில்லை. 1842-இல் மதுரையில் கில் என்னும் மருத்துவர் விவரித்த ‘மதுரைப் பாதம்’ என்ற நோயில், கிருமிகள் மணிகளாகத் திரண்டு வெள்ளணுக்களுக்குத் தப்பி வாழும்; பாதம் ஆண்டுக்கணக்கில் வீங்கிப் புரையோடும். அது பாக்டீரியாவாலும் வரும், பூஞ்சையாலும் வரும். எதனால் வந்தது என்று தெளிந்த பின்னரே மருத்துவர் மருந்தைத் தேர்வர். ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றை அழிக்காது.