உயிருள்ள மூளையில் மருந்தைத் தேடும் 'பெட்' கருவி

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவையும் உண்டு அது எந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது? எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மூளையில் கட்டி இருந்தால் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் இவை உறுப்பின் வடிவத்தைக் காட்டுவனவே அன்றி, அதன் வேலையைக் காட்டுவன அல்ல. நாம் விழுங்கிய மாத்திரை மூளைக்குள் எங்கே போய்ச் சேர்ந்தது, எவ்வளவு சேர்ந்தது என்பதையும் அவற்றால் கூற இயலாது. இவ்விரண்டையும் கூற வல்லது பாசிட்ரான் உமிழ்வு வரைவி என்னும் கருவியாகும். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாகப் 'பெட்' என்பர்.

பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானின் உடன்பிறப்பு எனலாம். நிறை ஒன்றே; மின்னூட்டம் மட்டும் எதிரானது. டிராக் என்னும் ஆங்கிலேய அறிஞர் கணக்கின் வாயிலாக முன்னரே ஊகித்த இத்துகளை, 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சன் கண்டறிந்தார். இதற்காக அவருக்கு 1936-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. பாசிட்ரானால் நம் உடலுக்குள் நெடுந்தொலைவு செல்ல இயலாது. ஓரிரு மில்லிமீட்டர் செல்வதற்குள் அது ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்துவிடும். சந்தித்த கணமே இரண்டும் அழிந்து, அவற்றின் நிறை ஆற்றலாக மாறுகிறது. ஐன்ஸ்டீனின் புகழ்பெற்ற சமன்பாடு மனிதத் தலைக்குள்ளேயே நடந்து காட்டப்படுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை!

அவ்வாற்றல், 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவுடைய இரு காமாக் கதிர்களாகி, நேர் எதிர்த் திசைகளில் பாய்ந்து தலையை விட்டு வெளியேறும். தலையைச் சுற்றி வளையமாக உணர்கருவிகள் அமைந்துள்ளன. அவற்றுள் எதிரெதிரே உள்ள இரண்டு ஒரே நேரத்தில் கதிரை உணர்ந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில்தான் பாசிட்ரான் அழிந்தது என்று அறியலாம். இவ்வாறு இலட்சக்கணக்கான கோடுகள் கிடைக்கின்றன. அவை எங்கே அடர்த்தியாக வெட்டிக்கொள்கின்றன என்று கணிப்பொறி கணக்கிட்டுப் படமாக்கித் தருகிறது. 1970-களின் நடுவில் செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டெர்-பொகோசியன், மைக்கேல் பெல்ப்ஸ், எட்வர்ட் ஹாப்மன் முதலியோர் இத்தகைய கருவியை உருவாக்கினர்.

சரி, பாசிட்ரான் எங்கிருந்து வருகிறது? கார்பன்-11, ஆக்சிஜன்-15, புளோரின்-18 போன்ற கதிரியக்க அணுக்கள் சிதையும்போது வெளிவருகிறது. இவ்வணுக்களைச் சைக்ளோட்ரான் என்னும் பொறியில் உருவாக்குகின்றனர். இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. கார்பன்-11 இருபதே நிமிடங்களில் பாதியாகிவிடும். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கும், இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குமே எஞ்சும். புளோரின்-18 சற்றுத் தாராளமானது. அதற்கு 110 நிமிடங்கள். ஆக்சிஜன்-15-க்கோ இரண்டு நிமிடங்கள்தாம்! ஆகவே கார்பன்-11 கொண்டு வேலை செய்யும் மருத்துவமனை, சைக்ளோட்ரானைத் தன் வளாகத்திலோ மிக அருகிலோ வைத்திருக்க வேண்டும். வேதியியலார் அந்த அணுவை மருந்தில் பிணைத்து, தூய்மை சோதித்து, ஊசியில் நிரப்பி ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து தர வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய தோசையைச் சூடு ஆறுமுன் பரிமாறுவது போன்ற அவசரம் இது. விரைவில் அழிவதில் ஒரு நன்மையும் உண்டு. நோயாளியின் உடலில் கதிரியக்கம் நெடுநேரம் தங்குவதில்லை.

மூளையின் உணவு குளுக்கோஸ். அதன் மூலக்கூற்றில் சிறு மாற்றம் செய்து புளோரின்-18 அணுவைப் பொருத்தினால், மூளைச் செல் அதனை உண்மையான சர்க்கரை என்றே எண்ணி உள்ளே எடுத்துக்கொள்ளும். செரிக்கும் வேலையின் முதற்படி நடக்கும். அடுத்த படி நடவாது. போலிச் சர்க்கரை அங்கேயே சிக்கிக்கொள்ளும். எந்தப் பகுதி கடுமையாக உழைக்கிறதோ அப்பகுதியில் மிகுதியாகச் சேரும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட இப்பொருள், 1976 ஆகஸ்டு மாதம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அன்று அங்கே படமெடுத்தது இன்றைய பெட் கருவியன்று, அதற்கு முற்பட்ட வேறொரு கருவியே. பின்னர்ப் பெட் கருவியால் ஆராய்ந்தபோது, ஒருவர் கண்ணை மூடியிருக்கும்போது அடங்கியிருந்த மூளையின் பின்பகுதி, சிக்கலான காட்சியைக் காணும்போது மிகுந்த சர்க்கரையை உண்பது தெரிந்தது.

சொற்களைப் பற்றிய ஆய்வு இன்னும் சுவையானது. 1988-இல் செயின்ட் லூயி அறிஞர்கள், ஆக்சிஜன்-15 கலந்த நீரைச் செலுத்தி இரத்த ஓட்டத்தை அளந்தனர். ஒரு சொல்லைக் கண்ணால் பார்த்தபோது மூளையின் பின்பகுதியும், காதால் கேட்டபோது பக்கவாட்டுப் பகுதியும் சுறுசுறுப்படைந்தன. பெயர்ச்சொல் ஒன்றைக் கொடுத்து, அதற்கேற்ற வினைச்சொல்லைக் கூறச் செய்தபோது இடப்பக்க முன்மூளை விழித்துக்கொண்டது. இலக்கண வகுப்பில் நம் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இவ்வகை இரத்த ஓட்ட ஆய்வுகளைப் பிற்காலத்தில் கதிரியக்கம் தேவைப்படாத எம்.ஆர்.ஐ. கருவி பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் மருந்தைப் பின்தொடரும் வேலையில் பெட் கருவியின் இடத்தை அதனால் பிடிக்க இயலவில்லை. என் கருத்தில் பெட் கருவியின் தலையாய தொண்டும் இதுவே.

மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். இந்நோயாளிகளுக்கு இல்லாத குரல்கள் கேட்கும். காரணமற்ற அச்சம் வாட்டும். 1950-களில் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் முதலிய மருந்துகள் வந்தன. நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுள் டோபமைன் ஒன்று. அது வந்து அமரும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். அவற்றுள் டி2 என்னும் வகையில் இம்மருந்துகள் முன்னரே சென்று அமர்ந்து, டோபமைனுக்கு இடமில்லாமல் செய்கின்றன. இதனால் குரல்கள் அடங்கின. ஆனால் கை கால் விறைப்பு, நடுக்கம், உணர்ச்சியற்ற முகம் என்னும் வேறு துன்பங்கள் வந்தன. 'மருந்து மிகுந்தால் குணமும் மிகும்' என்று நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்கும் மேல் என்றுகூட ஹாலோபெரிடால் கொடுக்கப்பட்டதுண்டு. எவ்வளவு போதும் என்று எவ்வாறு அறிவது? உயிரோடிருப்பவரின் மூளையைத் திறந்து ஏற்பிகளை எண்ண முடியுமா?

1983-ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில் ஹென்றி வாக்னர் என்னும் மருத்துவர், தம் மூளையையே ஆய்வுக்குத் தந்து, உயிருள்ள மனிதரின் டோபமைன் ஏற்பிகளைப் படமெடுக்கச் செய்தார். பிறரை உட்படுத்துமுன் தாமே படுத்துக்கொண்ட அவருடைய துணிவு பாராட்டத்தக்கது.

அதன்பின் சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் பார்டே குழுவினர், கார்பன்-11 பொருத்திய ராக்லோபிரைடு என்னும் பொருளைப் பயன்படுத்தினர். அவர்கள் முறையை நம் ஊர் நகரப் பேருந்தைக் கொண்டு விளக்கலாம். இருக்கைகளே ஏற்பிகள், மருந்து மூலக்கூறுகள் பயணிகள். கதிரியக்கம் ஏற்றிய சிலரை மட்டும் பேருந்தில் ஏற்றி விடுகிறோம். இருக்கைகள் காலியாக இருந்தால் அவர்கள் அமர்வர், படம் ஒளிரும். முன்னரே மருந்து அமர்ந்திருந்தால் அவர்களுக்கு இடமில்லை, படம் மங்கும். மருந்தில்லாத மூளையில் ஒளி 100 பங்கு என்றும், மருந்துண்டவர் மூளையில் 25 பங்கு என்றும் கொண்டால், 75 விழுக்காடு ஏற்பிகளை மருந்து பிடித்துள்ளது என்பது கணக்கு.

இவ்வாறு அளந்தபோது, வழக்கமான அளவில் மருந்து உண்டவர்களிடம் 65 முதல் 85 விழுக்காடு டி2 ஏற்பிகள் நிறைந்திருந்ததாக 1988-இல் அவர்கள் வெளியிட்டனர். விறைப்பும் நடுக்கமும் உடையவர்களிடம் இந்நிறைவு கூடுதலாக இருந்ததென்றும் பின்னர்க் கண்டனர். புது தில்லி எய்ம்ஸில் மருத்துவம் பயின்ற ஷிதிஜ் கபூர், கனடாவின் டொரான்டோ நகரில் தம் குழுவினருடன் இதை மேலும் துல்லியமாக ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார். நோயின் தொடக்க நிலையிலிருந்த 22 பேருக்கு நாளொன்றுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் ஹாலோபெரிடால் மட்டுமே தரப்பட்டது. யாருக்கு எந்த அளவு என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு வாரங்களுக்குப் பின் படமெடுத்தனர். ஏற்பிகள் 65 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்தவர்களிடம் குணம் தெரியும் வாய்ப்பு மிகுந்தது. 78 விழுக்காட்டைத் தாண்டியவர்களிடம் விறைப்பு போன்ற தொல்லைகள் தலைகாட்டின.

தோழியரே, இடைவெளி எவ்வளவு குறுகியது பாருங்கள்! 65-க்கும் 78-க்கும் நடுவில்தான் நோயாளியின் நலம் இருக்கிறது. அதை எட்ட இரண்டரை மில்லிகிராமே பலருக்குப் போதுமானதாயிருந்தது. இருக்கைகள் நிறைந்த பேருந்தில் மேலும் ஆட்களை ஏற்றினால் அவர்கள் படிக்கட்டில் தொங்குவார்களே தவிர, இருக்கைகள் பெருகுமா? இருபது மில்லிகிராம் உண்டு கை நடுங்க வாழ்ந்தவர்களுள் பலருக்கு அந்த நடுக்கம் வேண்டாததாகவே இருந்திருக்கும். அவர்கள் மருந்தை வெறுத்து நிறுத்தியபோது, 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டாரும் எண்ணியிருப்பார்கள்.

எல்லாம் இக்கணக்கில் அடங்கிவிட்டதா என்றால், இல்லை. குளோசபின் என்றொரு மருந்து உண்டு. மற்ற மருந்துகளால் குணமாகாத சிலரும் இதனால் தேறுகின்றனர். பார்டே குழுவினர் 1992-இல் வெளியிட்ட அளவுகளின்படி, இது டி2 ஏற்பிகளுள் 38 முதல் 63 விழுக்காட்டையே பிடிக்கிறது. அதாவது எல்லைக்கோட்டைத் தொடாமலே வேலை செய்கிறது. டி2 ஏற்பியில் சற்றே அமர்ந்து விரைவில் எழுந்துவிடுவதால்தான் என்று சிலரும், வேறு ஏற்பிகளும் இதில் பங்கு கொள்கின்றன என்று சிலரும் காரணம் கூறுகின்றனர். இவ்வாதம் இன்னும் முடிவு பெறவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி