காக்காய்க்குச் சோறு வைக்க முடியாத ஊரில்

காரியாபட்டி

அன்பு மகனுக்கு,

சித்தப்பா எழுதுவது. அம்மாவும் தங்கச்சியும் நலம். நேற்று ஒரு உழவு மழை பெய்தது.

"சிங்கப்பூரில் காக்காய்க்குச் சோறு வைத்தால் அபராதமாம். காக்காய் எடுக்காமல் நான் அமாவாசை விரதம் இருந்தால் அப்பாவுக்குப் போய்ச் சேருமா?" என்று போனில் கேட்டாயே, அப்போது எனக்கு வாய் அடைத்துப்போனது. ரெண்டு நாளாக அதே யோசனைதான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2020இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, காட்டுயிர்களுக்கும் பறவைகளுக்கும் அனுமதியில்லாமல் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் என்று வைத்துவிட்டார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் மாடிப்படி ஓரம் ஒரு கவளம் வைத்துவிடலாம் என்று நினைக்காதே. கண்டக்டர் கேட்க மறந்த டிக்கெட்டுக்கும் இறங்கும்போது காசை நீட்டியவர் உங்கப்பா. திருட்டுத்தனமாக வைத்த சோற்றை அவர் தொடமாட்டார்.

எங்கள் அய்யாவுக்காக அண்ணன் அமாவாசை இருந்ததைச் சின்னப் பிள்ளையில் நீ பார்த்திருப்பாய், மறந்திருப்பாய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். பருத்தி எடுக்கிற நாளானாலும் அதே பட்டினியோடு காட்டுக்குப் போவார். உச்சிக்கு வந்து காலில் அப்பிய கரிசலைக் கழுவிவிட்டு, குளித்து, ஈர வேட்டியோடு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டை வைப்பார். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு வடை. காற்றில் இலை பறக்காமல் ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே "கா... கா..." என்று கூப்பிடுவார்.

மழை பொய்த்த ஒரு வருசம், ரெண்டு மணி ஆகியும் காக்காய் வரவில்லை. சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஆள் ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். முகமெல்லாம் கரி. கண் மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, அவரைத் திண்ணையில் உட்காரவைத்து முழு இலை போட்டார். அவர் ரெண்டாவது தடவை சோறு வாங்கியபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னைக்கு அய்யா நடந்தே வந்துட்டாருடா" என்று என் காதில் சொல்லிவிட்டுத்தான் தான் சாப்பிட உட்கார்ந்தார்.

நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். உன் விடுதியில் சம்பளம் வராமலோ, ஊருக்கு அனுப்பிவிட்டுக் கையில் காசில்லாமலோ சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவன் ஒருவன் இல்லாமலா இருப்பான்? எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன, அமாவாசை அன்றைக்கு அவனுக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு நீ சாப்பிடு. இல்லறத்தானின் கடமைகளைச் சொல்லும்போது வள்ளுவர் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, முதலில் வைத்து, தெய்வத்தை அடுத்து வைத்து, மூன்றாவதாக விருந்தைச் சொன்னார். எனக்கென்னவோ முதலாவதும் மூன்றாவதும் ஒரே இலையில் சேர்ந்துவிடும் என்றுதான் படுகிறது.

நாள் பார்ப்பதில் ஒரு சங்கதி. சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேர்வதுதான் அமாவாசை. அது உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடப்பது. ஆனால் உன் கடிகாரம் நம்முடையதைவிட ரெண்டரை மணி முந்தி ஓடுகிறது. நம் காலண்டரில் திதி ராத்திரி பத்தரைக்குத் தொடங்கினால் உனக்கு மறுநாள் ஒரு மணி ஆகியிருக்கும். அதனால் அங்கே கோயிலில் என்றைக்கு என்று கேட்டு அந்த நாளையே வைத்துக்கொள். சந்தேகமிருந்தால் எனக்குப் போன் போடு.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கிரேன் ஓட்டுகிற நாளில் பட்டினி கூடாது. உன் கைக்குக் கீழே நாலு பேர் நிற்கிறார்கள். அன்றைக்குக் கறி மீன் இல்லாமல் வயிறார சைவம் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறு. விரதத்தை லீவு நாளில் வரும் அமாவாசைக்கு வைத்துக்கொள். போன தை அமாவாசைக்குச் சுகர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு திருச்சுழிக்குப் போனேன். குண்டாற்று மணலில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு எழுந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன். டாக்டரிடம் நல்லாத் திட்டு வாங்கினேன். இப்போது காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் அண்ணனை நினைக்கிறேன். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் தவறினால் பித்ரு தோஷம், பரிகாரம் என்று போனில் வருகிற வீடியோக்களை நம்பிப் பணம் கட்டாதே. மகன் படைக்க மறந்ததற்கு அவனைத் தண்டிக்கிற அப்பா நம் வீட்டில் இருந்ததில்லை.

அம்மா சீனியவரைக்காய் வத்தல் காயவைத்திருக்கிறாள். ஐப்பசியில் வருகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறோம். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு உடனே எடுத்துவிடு, கருகவிட்டால் கசக்கும். அப்பாவுக்கு அது ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பிடிக்கும். இலையில் வைத்ததும் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பு. உன் போட்டோ வந்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள், அதனால் ரொம்ப நேரம் ஆக்காதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா