துறைக்கு ஒரு டிரைவ்: லாகின் ஸ்கிரிப்ட் எழுதலாம் வாங்க!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-லும், டெய்ம்லர் லாரி தொழிற்சாலை 2012-லும் வந்தன. இவற்றை நம்பி உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனங்கள் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் ஏராளம். இவற்றில் பலவற்றில் முப்பது, நாற்பது கம்ப்யூட்டர்களும் ஒரு ஃபைல் சர்வரும்தான் இருக்கும்.

அப்படி ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய சர்வர் வந்ததும், குவாலிட்டி துறை கம்ப்யூட்டரில் ‘கியூ’ டிரைவைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். மாற்றியது பகலில், அதுவும் பகல் ஷிஃப்ட்காரரின் லாகினில். இரவு ஷிஃப்ட்காரர் தன் லாகினில் நுழைந்தபோது அதே ‘கியூ’ டிரைவ் பழைய சர்வரையே காட்டியது. அவர் பழைய டிராயிங்கைப் பார்த்துத் துளை அளவைச் சரிபார்த்து அனுப்பினார். ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. திட்டு வாங்கியவர் அவர்; தவறு செய்தவர்கள் நாங்கள்.

காரணம் எளிது. மேப் செய்த டிரைவை விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு உரியதாக நினைவில் வைப்பதில்லை; அந்தப் பயனாளருக்கு உரியதாகவே வைக்கிறது. மூன்று ஷிஃப்ட் என்றால் ஒரே கம்ப்யூட்டரில் மூன்று விதமான டிரைவ்கள் இருக்கலாம். ஆகவே, யார் லாகின் செய்தாலும் அவருடைய துறையைப் பார்த்து டிரைவ் தரும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஒரே இடத்தில் வைப்பதே சரியான வழி.

முதலில் பூட்டு, பிறகு வழிகாட்டிப் பலகை

ஸ்கிரிப்ட் வெறும் வழிகாட்டிப் பலகைதான். டிரைவ் கண்ணில் படாவிட்டாலும் சர்வர் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் டைப் செய்து உள்ளே போக முடியும். அதைத் தடுப்பது ஃபோல்டருக்குத் தரும் அனுமதியே. எனவே:

1. ஆக்டிவ் டைரக்டரியில் துறைக்கு ஒரு குரூப் உருவாக்கி, ஊழியர்களை அதில் சேர்க்கவும்.

2. ஃபோல்டரின் ஷேர் அனுமதி, செக்யூரிட்டி அனுமதி இரண்டையும் தனி நபருக்குத் தராமல் குரூப்புக்கே தரவும். இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும்.

3. டிராயிங் ஃபோல்டரில் டிசைன் துறைக்கு மட்டும் எழுதும் அனுமதி. மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி போதும். ரேன்சம்வேர் வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால், அந்தப் பயனாளர் எழுதக்கூடிய டிரைவ்களையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஸ்கிரிப்ட்

நோட்பேடைத் திறந்து கீழ்க்காணும் வரிகளை டைப் செய்திடவும். இங்கு தமிழில் உள்ள கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். ‘ஹூ ஆம் ஐ’ என்ற மூன்று சொற்களுக்கு இடையே மட்டும் இடைவெளி கூடாது. ‘சர்வர்’ என்ற இடத்தில் உங்கள் சர்வரின் பெயர் வரும்.

@எக்கோ ஆஃப்
நெட் யூஸ் எஸ்: /டெலீட் /ஒய்
நெட் யூஸ் கியூ: /டெலீட் /ஒய்
நெட் யூஸ் எம்: /டெலீட் /ஒய்
நெட் யூஸ் எஸ்: \\சர்வர்\காமன் /பெர்சிஸ்டன்ட்:நோ
ஹூஆம்ஐ /குரூப்ஸ் | ஃபைண்ட் /ஐ "குவாலிட்டி" && நெட் யூஸ் கியூ: \\சர்வர்\குவாலிட்டி /பெர்சிஸ்டன்ட்:நோ
ஹூஆம்ஐ /குரூப்ஸ் | ஃபைண்ட் /ஐ "புரொடக்‌ஷன்" && நெட் யூஸ் எம்: \\சர்வர்\புரொடக்‌ஷன் /பெர்சிஸ்டன்ட்:நோ

டெலீட் வரிகள் பழைய இணைப்பை நீக்குகின்றன. எஸ் டிரைவ் எல்லோருக்கும் பொது. அடுத்த வரிகளில் பயனாளர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியலை எடுத்து, அதில் துறையின் பெயர் இருந்தால் மட்டும் டிரைவ் இணைக்கப்படுகிறது. ‘பெர்சிஸ்டன்ட்:நோ’ என்பதால் விண்டோஸ் இதை நினைவில் வைக்காது. ஒவ்வொரு லாகினிலும் புதிதாகவே இணைக்கும்.

ஒரு எச்சரிக்கை: ‘குவாலிட்டி லேப்’ என்று இன்னொரு குரூப் இருந்தால், அதில் உள்ளவருக்கும் கியூ டிரைவ் வந்துவிடும். ஒரு குரூப்பின் பெயர் இன்னொன்றின் பகுதியாக இல்லாதபடி பெயர் வையுங்கள்.

இதை ‘பேட்’ ஃபைலாக சேவ் செய்திடவும். குரூப் பாலிசி எடிட்டரில் யூசர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், ஸ்கிரிப்ட்ஸ் எனச் சென்று, லாகான் என்பதில் அந்த ஃபைலைச் சேர்க்கவும்.

டிரைவ் வரவில்லையா?

* உடனே வராமல் ஐந்து நிமிடம் கழித்து வந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் 8.1 முதல் லாகான் ஸ்கிரிப்ட் அவ்வளவு தாமதமாக ஓடும்படிதான் அமைக்கப்பட்டுள்ளது. ‘கான்ஃபிகர் லாகான் ஸ்கிரிப்ட் டிலே’ என்ற பாலிசியில் பூஜ்யம் தரவும்.
* பிழை எண் 53: சர்வர் பெயரோ நெட்வொர்க்கோ சரியில்லை.
* பிழை எண் 5: அனுமதி இல்லை.
* பிழை எண் 85: அந்த டிரைவ் எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.
* குரூப்பில் புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை லாகாஃப் செய்து மீண்டும் வர வேண்டும்.

விண்டோஸ் சர்வர் 2008 முதல் குரூப் பாலிசி பிரிஃபரன்சஸில் ‘டிரைவ் மேப்ஸ்’ வசதி உண்டு. ஸ்கிரிப்ட் எழுதாமலே இதே வேலையைச் செய்யலாம். ஆனால் ஸ்கிரிப்டைப் புரிந்துகொண்டவருக்கு அதில் வரும் சிக்கலும் எளிதில் பிடிபடும்.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது. என்றாலும் நெட் யூஸ் கட்டளை அதில் வேலை செய்யும். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, ‘ஷெல்:ஸ்டார்ட்அப்’ என டைப் செய்து என்டர் தட்டவும். திறக்கும் ஃபோல்டரில், குரூப் வரிகளை நீக்கிய உங்கள் பேட் ஃபைலைப் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. ஸ்கிரிப்டை மாற்றும்போதெல்லாம் உங்கள் லாகினில் மட்டும் சோதித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். துறைக்கு ஒருவர் லாகினில் பாருங்கள். இரவு ஷிஃப்ட்காரரின் லாகினிலும் ஒருமுறை பாருங்கள்.