பழைய டிராக்டரின் பார்க்கிங் பிரேக்



1960 நம்ம திருத்தணிக்கு மறக்க முடியாத வருஷம். அந்த ஏப்ரல் 1-ம் தேதிதான் எல்லை மாற்றச் சட்டப்படி நம்ம ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே 1960-ல்தான் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கி, மாஸி பெர்குசன் டிராக்டர் நம்ம பக்கத்து வயல்களுக்கு வர வழி பிறந்தது. அந்த எம்.எஃப். 35 குடும்பத்துப் பழைய வண்டி ஒன்று ஷெட்டுக்கு வந்து, "பார்க்கிங் பிரேக் பிடிக்கல, மாத்திக் குடு" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் மாதிரி இதற்குத் தனி ஹேண்ட் பிரேக் கிடையாது. காலால் பெடலை மிதித்து ஒரு சின்ன லிவரைப் போட்டால், 'பால்' என்கிற நாக்கு (குடிக்கிற பால் இல்லைங்க!) ராட்செட் பல்லில் விழுந்து பெடலை அப்படியே பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். பிடித்திருப்பது பெடலை மட்டுமே. வண்டியைப் பிடிப்பது பின் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக் ஷூ. ஷூ தேய்ந்த வண்டிக்குப் புது நாக்கு போட்டுக் கொடுப்பது, உளுத்துப்போன கதவுக்குப் புதுப் பூட்டு போடுகிற வேலை.

எவ்வளவு பிடிக்கணும்? ஒரு சின்னக் கணக்கு. டிராக்டர் 2 டன், கரும்பு ஏற்றிய டிரெய்லர் 8 டன், 10-க்கு 1 சரிவு என்று வைத்துக்கொள்வோம். கீழே இழுக்கும் விசை சுமார் 1 டன். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் முழுப் பாரமும் டிராக்டரின் இரண்டு பின் சக்கரத்துக்குத்தான். டயர் ஆரம் 0.6 மீட்டர் என்றால் மொத்த டார்க் 600 கிலோ-மீட்டர், ஒரு சக்கரத்துக்கு 300. டிரம் 14 அங்குலம், அதாவது ஆரம் சுமார் 0.18 மீட்டர். ஆக ஒவ்வொரு டிரம்மிலும் சுமார் 1,670 கிலோ உராய்வு விசை வேண்டும்! திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்கு லோடு கொண்டுபோகிற டிரைவர், பிரேக் போட்ட பிறகும் இறங்கி டயருக்குக் கல் வைப்பது பயத்தினால் இல்லை, கணக்குத் தெரிந்துதான். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறார்களே, அதே தத்துவம்.

இன்னொரு விஷயம் டிஃபரன்ஷியல். வயலில் திரும்ப வசதியாக வலது, இடது சக்கரத்துக்குத் தனித்தனிப் பெடல். ரோட்டில் இரண்டையும் தாழ் போட்டு இணைக்க வேண்டும். இணைக்காமல் விட்டால் நாக்கு ஒரு பெடலைத்தான் பிடிக்கும். ஒரு சக்கரம் நிற்கும், நியூட்ரலில் மற்றது தாராளமாக உருளும். வண்டி நின்ற சக்கரத்தைச் சுற்றி வளைந்து இறங்கும். பக்கத்தில் குழந்தை நின்றால்? யோசித்துப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். சமதரையில் நிறுத்தி முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுகிற அமைப்பு என்பதால், அதற்கும் இரு பக்கமும் மர ஆப்பு அடித்தால்தான் தூக்கும்போது வண்டி சாயாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரம் பயங்கர கனம். ஒரு ஆள் கழற்றும் வேலையே இல்லை.

சக்கரத்தை எடுத்ததும் டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி டிரம்மை இழுக்கலாம். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் ஹோசும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள். லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் புது ஷூ போட்டால் அதுவும் ஊறும். ஷூவை இரு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நாக்கும் ராட்செட்டும் மாற்றுவது இதற்கு நடுவில் அரை மணி வேலை. பல்லின் முனை உருண்டையாகத் தேய்ந்திருந்தால் அரம் வைத்துக் கூர் தீட்டி ஒப்பேற்றுவதை நான் ஏற்க மாட்டேன். நாக்கு, ராட்செட், பின், ஸ்பிரிங் நாலும் செட்டாகப் போடுங்கள். பழைய பல்லில் புது நாக்கு சரியாக உட்காராது, குலுங்கினால் கழன்றுவிடும்.

பிறகு அட்ஜஸ்ட்மென்ட். பேக் பிளேட் துளை வழியாக ஸ்டார் வீலை, சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை திருப்பி, தாராளமாகச் சுற்றும் அளவுக்குப் பின்னுக்கு விடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு. இரண்டு பெடலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தாழ் போட்ட பிறகும் ஒரு டிரம்மே முழு வேலையும் செய்யும்.

கடைசியில் சோதனை. டிரெய்லர் இல்லாமல் சின்ன சரிவில், கட்டையோடு ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு பாருங்கள். மூக்கு மேலே பார்த்து நிறுத்தியபோது பிடித்தது என்று வண்டியை அனுப்பிவிடாதீர்கள். மூக்கு கீழே பார்த்தும் நிறுத்துங்கள். அப்போது எடை முன்பக்கம் போய்ப் பின் டயரின் பிடி குறையும். டிரம் பிடித்திருந்தாலும் டயர் வழுக்கலாம்.