தூளியும் எழுதுகோலும்

கொடுமுடியில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கதையோ சித்திரமோ சிருஷ்டிக்க விழையும் பெற்றோருக்குச் சில யோசனைகள்:

● சரளமாக எழுதப் பழகாதிருந்த வை.மு. கோதைநாயகி அம்மாள், தாம் வாய்மொழியாகச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிய ‘இந்திர மோகனா’ நாடகத்தை 1924-இல் நூலாக வெளியிட்டார். அவ்வண்ணமே, சோறூட்டுகையில் உதிக்கும் எண்ணத்தைக் கைப்பேசியில் பேசிப் பதிந்துவையுங்கள்.

● அப்பாருவோ அம்மாயியோ குழந்தைகளை மகுடேசுவரர் கோயில் வன்னிமரத்தடிக்கு அழைத்துச் செல்லும் மாலைவேளையைத் துணி மடிப்பதில் கழிக்காமல், எழுத்துக்கே நியமமாக ஒதுக்குங்கள்; மறுநாள் அவ்வேளை கணவருக்கோ மனைவிக்கோ உரியதாகட்டும்.

● தூளியில் அழுகுரல் கேட்டு எழ நேர்ந்தால், அடுத்து வரவேண்டியதை ஓரத்தில் இரண்டு சொற்களில் குறித்துவிட்டு எழுங்கள். மீண்டும் அமர்கையில் சிந்தனை சிரமமின்றித் தொடரும்.

● கெடு ஒப்புக்கொள்ளும்போதே, ஆடிப்பெருக்குக்கும் குழந்தையின் காய்ச்சலுக்குமாகச் சில தினங்களைக் கூட்டிச் சொல்லிவிடுவது விவேகம்.