பதினைந்து சென்டிமீட்டர் ஏறணும்னா எவ்வளவு இடம் வேணும்?

மாலை 6 மணிக்கு நம்ம கடற்கரைச் சாலையில் தடுப்புகளைப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் வராது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் சமதளம், ஒரு பக்கம் முழுக்கக் கடல். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் புதுச்சேரியில் இதைவிட நல்ல பாதை ஏது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறார். ஒருநாள் மாலை அவரோடு வீட்டிலிருந்தே கிளம்பினேன். காந்தி சிலையை நெருங்கும்போது சொன்னார்: “இந்த ரோட்டுல ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. இங்க வந்து சேர்றதுதான் கஷ்டம்.”

அன்றைக்கு நான் கவனித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை மேடாகவும் ஓரத்தைத் தாழ்வாகவும் போடுகிறார்கள். நடக்கிற நமக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஓரமாகப் போகும் நாற்காலி தானாகவே சாக்கடைப் பக்கம் திரும்பும். நேராகப் போக, தாழ்ந்த பக்கத்துக் கை அதிகமாகத் தள்ள வேண்டும். பத்து நிமிஷத்தில் தோள் வலிக்கும். இன்னொன்று, நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை. 2 சென்டிமீட்டர் விளிம்பில் மோதினாலே சட்டென்று நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார்.

இப்போது ஒரு கணக்கு. சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயர வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம். நடைபாதை விளிம்பு 15 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் 180 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பைக் ஏற்ற வாசலில் போடுகிற இரும்புப் பலகையை “ரேம்ப் இருக்கே” என்று பல கடைகளில் காட்டுகிறார்கள். அதில் பைக் ஏறும். நாற்காலி பின்னால் கவிழும்.

திண்ணை வைத்த நம்ம பழைய தமிழ் வீடுகளில்தான் உண்மையான சிக்கல். மூன்று படி, 45 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சாய்தளம் 5.4 மீட்டர் வேண்டும். நேராக இறக்கினால் பாதித் தெரு போய்விடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்கலாம், அதற்கும் இடம் வேண்டும். எல்லா வாசலுக்கும் ஒரே தீர்வு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புதிதாகக் கட்டும் கடைக்கு இந்தச் சாக்குப் பொருந்தாது.

பைக்கைத் தடுக்க நெருக்கமாக நடும் கம்பங்களும் அப்படித்தான். நாற்காலி தாராளமாக நுழைய 90 சென்டிமீட்டர் வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழையும் என்பது உண்மைதான். அதற்காக நாற்காலியையும் சேர்த்து அடைப்பது நியாயமா?

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். மணலில் புதையாமல் அலைக்குப் பக்கத்திலேயே போக முடிந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். கடலோரத்தில் கட்டுகிற செலவோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் யாரும் இரக்கப்பட்டுச் செய்து தருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகள் 2017 ஜூனில் வந்தன. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றி அமைக்க அதிலிருந்து 5 ஆண்டு அவகாசம். அந்தக் கெடு முடிந்துவிட்டது. அணுகல் அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நீங்கள் போகும் பொது இடத்தில் தடை இருந்தால் படம் எடுத்து ‘சுகம்ய பாரத்’ செயலியில் ஏற்றலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்தில் புகார் தரலாம். அவர் ஒரு பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். புகாரில் “ஏற முடியல” என்று மட்டும் எழுதாதீர்கள். இடம், தேதி, படியின் உயரம், வாசலின் அகலம் எல்லாவற்றையும் எண்ணில் போடுங்கள்.

உதவிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்காமல் நாற்காலியைத் தொடாதீர்கள். அன்றைக்கு ஒருவர் நல்ல மனசோடு பின்னாலிருந்து தள்ளிவிட்டார், அக்காவின் விரல் சக்கரக் கம்பியில் மாட்டப் பார்த்தது. “தள்ளட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். செங்குத்தான சரிவில் இறக்கச் சொன்னால், நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி மெதுவாக இறக்குங்கள்.

திரும்பும்போது வழியில் இருந்த வாசல்களை டேப் வைத்து அளந்துகொண்டே வந்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெருமுனைக்கு வருவதற்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.